வலையட்டையைத் தேர்ந்தெடுக்குமாறு

ஏரிக்கரை ஊர்களில் வலை என்று கூறிய அளவில், நூலாற் பின்னிய வலையே யாவர் உள்ளத்திலும் முதற்கண் தோன்றும். இக்காலத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் வந்து சேர்ந்துளது. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் பொருட்டு அமைந்த இணைப்புத் தொகுதியையும் வலை என்றே வழங்குகின்றனர். அவ்வலையோடு கணிப்பொறியைப் பிணைக்கும் சிறு கருவிக்கு நெட்வொர்க் கார்டு என்றும் லேன் கார்டு என்றும் கடைகளிற் பெயர். நாம் அதனை வலையட்டை என்போம். பொருட்செலவு மிகாமலும், வேண்டும் வேளையிற் கைவிடாமலும் உள்ள வலையட்டையைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இவ்வியாசத்தில் நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

1. எழுத நேர்ந்த காரணம்

திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டு ஏரியை அடுத்த மீனவர் ஊர்களுள் பசியாவரமும் ஒன்று. பசியா வரம் எனப் பிரித்து நோக்குவார்க்கு அப்பெயர் பெரிதும் இனிமை பயக்கும். அவ்வேரி ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடப்பது. இந்திய நாட்டு உவர்நீர்க் காயல்களுள் சில்காவுக்கு அடுத்த பெருமையுடையது. சில ஆண்டுகட்கு முன்னர் நாம் நண்பர் சிலருடன் பழவேற்காட்டிற் படகேறி அவ்வூருக்குச் சென்றிருந்தோம். ஆங்கு மாணாக்கர் மாலைப்பொழுதிற் கூடிப் படிக்கும் அறையொன்றில் பழைய கணிப்பொறி ஒன்று இருந்தது. சிம் அட்டை செருகிய ரவுட்டர் ஒன்றிலிருந்து குட்டையான கம்பிவடத்தின் வழியே அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தனர்.

நாம் செல்வதற்குச் சின்னாட்களுக்கு முன்னர், பன்னிரண்டாம் வகுப்பிற் தேறிய மாணவி ஒருத்தி கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாளின் மாலையில் அவ்விணைப்பு அறுந்துபோயிற்று. அவள் தந்தையார் காற்றையும் பொருட்படுத்தாது படகைச் செலுத்தி அக்கரைக்கு அழைத்துச் சென்று, கடை அடைக்கும் நேரத்தில் எவ்வாறோ விண்ணப்பத்தை அனுப்புவித்தாராம். அவர் எம்மிடம், "ஐயா, வலையிலே ஒரு கண் அறுந்திருந்தால் மீன் அந்த வழியாகத்தான் போகும். இந்தப் பெட்டியிலே எந்தக் கண் அறுந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்றார்.

பெட்டியின் பின்புறத்தை விளக்கொளியில் நோக்கினோம். கம்பிவடம் செருகும் துளையினுள்ளே இருந்த மெல்லிய உலோக நாக்குகள் உப்புக்காற்றாற் பச்சை பூத்துக் கிடந்தன. முன்னர் ஒரு கடைக்காரர் கணிப்பொறியையே மாற்றவேண்டும் என்று கூறிவிட்டனராம். மற்றொருவர் விற்ற பெயரில்லாத யு.எஸ்.பி. கருவியொன்று இரண்டு திங்களில் ஊமையாயிற்றாம். முடிவில் சில நூறு ரூபாய் விலையுள்ள வலையட்டை ஒன்றே அக்குறையைத் தீர்த்தது. அதனைத் தேர்ந்தெடுத்த முறையை ஏனையோரும் அறிதல் நலமெனத் தோன்றவே இதனை எழுதலானோம்.

2. வலையட்டையின் தொழில்

கணிப்பொறி அனுப்ப விரும்பும் செய்தியை வலையட்டை சிறு சிறு பொதிகளாகக் கட்டுகின்றது. பொதி ஒன்றில் 1500 பைட்டு வரை செய்தி அடங்கும். பொதியின் தலைப்பில் பெறுவோர் முகவரியும் அனுப்புவோர் முகவரியும் பொறிக்கப்படும்; இறுதியில், வழியிற் பிழை நேர்ந்ததா என்று சோதித்தற்குரிய எண்ணொன்று சேர்க்கப்படும். ஒவ்வோர் அட்டைக்கும் 48 பிட்டு நீளமுள்ள தனி முகவரி உண்டு. படகுகளுக்குப் பதிவெண் எழுதியிருப்பது போன்றதே இதுவும்.

பலரும் ஒரே வழியிற் பேச விரும்புங்கால் யார் முன்னர், யார் பின்னர் என்ற வினா எழும். பழவேற்காட்டு ஏரியில் இவ்வினாவுக்கு மீனவர் வழிவழியாகக் கண்ட விடை பாடு என்னும் முறையாகும். நல்ல மீன்பிடி இடங்கள் சிலவே ஆதலின், உரிமையுடையோர் சீட்டுக் குலுக்கி, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துக் கொள்வர். ஒருவர் வலைமேல் மற்றொருவர் வலை விழாது, பூசலும் குறையும்.

கணிப்பொறியுலகில் இதற்கு முதற்கண் வேறொரு விடை கூறப்பட்டது. 1971-ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிராம்சன் என்பாரும் அவர் குழுவினரும் கடலாற் பிரிந்த தீவுகளை வானொலி அலையால் இணைத்தனர். அலோஹா என்னும் அவ்வமைப்பில், செய்தியுடையோர் உடனே அனுப்பிவிடுவர். இருவர் செய்தி மோதிச் சிதைந்தால் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புவர். இதனைக் கண்டு திருத்தி, 1973-ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்னும் இருவரும் ஈதர்நெட் முறையை வகுத்தனர். இதன்படி அட்டையானது, பிறர் பேசுகின்றனரா என்று முதலிற் செவிசாய்க்கும். வழி ஓய்ந்திருப்பின் அனுப்பும். மோதல் நேரின் நிறுத்தி, குறிப்பிட்ட வரையறையின்றிச் சிறிது காலம் பொறுத்து மீண்டும் முயலும். 1983-ஆம் ஆண்டில் இம்முறை பொதுத் தரமாக ஏற்கப்பட்டது.

இந்நாளில் ஸ்விட்ச் என்னும் கருவி ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனி வழி அமைத்துக் கொடுத்தலின், கம்பிவழி இணைப்பில் மோதல் பெரும்பாலும் ஒழிந்தது. கம்பியில்லா வைஃபை இணைப்பிலோ வழி இன்னும் பொதுவாகவே உளது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் பின்னர்ப் பயன்படும்.

3. தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, வேகம். வலையட்டைகள் நொடிக்கு 100 மெகாபிட், 1000 மெகாபிட், 2500 மெகாபிட் என்னும் வேகங்களில் விற்கப்படுகின்றன. வீட்டுக்கு வரும் இணைப்பு 100 மெகாபிட்டைக் கடவாதாயின், அவ்வேகமுடைய அட்டையே போதும். எனினும் 1000 மெகாபிட் அட்டைக்கும் அதற்கும் விலைவேற்றுமை சிறிதே ஆதலானும், அது தாழ்ந்த வேகத்திலும் இணங்கி நடக்கும் ஆதலானும், அதனை வாங்குதலே தக்கது. அதற்கு மேற்பட்டது, ஒரே கட்டடத்தினுள் பெரிய கோப்புகளை அடிக்கடி பரிமாறுவார்க்கே வேண்டுவது.

இரண்டாவது, செருகும் இடம். வாங்குமுன் கணிப்பொறியின் மூடியைத் திறந்து, எவ்வகைத் துளை உளது என்று காண்க. 1000 மெகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட்டு ஆகும். பழைய பி.சி.ஐ. துளை 133 மெகாபைட்டு வரையே தாங்கும். அதனையும் ஏனை அட்டைகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதல் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையின் மிகச் சிறிய வகையே ஒவ்வொரு திசையிலும் 250 மெகாபைட்டு தாங்கவல்லது. ஆகவே அஃது இருப்பின் அதனையே கொள்க. சிறிய அட்டையைப் பெரிய துளையிலும் செருகலாம். பெட்டி ஒடுக்கமானதாயின், குட்டையான தகடு உடன் வருகின்றதா என்றும் கேட்க. மடிக்கணினிக்கு யு.எஸ்.பி. கருவியே வழி. ஆனால் யு.எஸ்.பி. 2 துளை 480 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. அதிற் செருகிய 1000 மெகாபிட் கருவி, பெட்டியின்மேல் எழுதிய வேகத்தை ஒருநாளும் தரமாட்டாது.

மூன்றாவது, சில்லு. இதுவே தலையாயது. அட்டையின்மேல் அச்சிட்ட வணிகப் பெயர் ஒன்றாகவும், உள்ளே வேலை செய்யும் சில்லு வேறாகவும் இருக்கும். ஒரே பெயரும் ஒரே எண்ணும் உடைய அட்டையிலும், பதிப்பு மாறுந்தோறும் சில்லு மாறுவதுண்டு. ஆகலின் கடையிற் சில்லின் பெயரையே கேட்க. சில்லை இயக்கும் டிரைவர் என்னும் நிரல் நம் கணிப்பொறியில் இல்லையேல், எத்துணை உயர்ந்த அட்டையும் வெறும் தகடேயாம். 1980-களின் இறுதியில் நாவெல் நிறுவனம் வெளியிட்ட என்.இ.2000 என்னும் அட்டையைப் பலரும் பார்த்துச் செய்தனர். அது சிறந்த அட்டையன்று. ஆயினும் எங்கும் பரவியமையால் எல்லா இயக்கத் தொகுதிகளும் அதற்குரிய நிரலைத் தம்முடனே கொண்டிருந்தன. இந்நாளில் ரியல்டெக் நிறுவனத்தின் 8111, 8168 என்னும் சில்லுகள் அவ்வாறே பரவியவை; விலையிற் குறைந்தவை; விண்டோஸும் லினக்ஸும் அவற்றை அறியும். இன்டெல் சில்லுடைய அட்டைகள் விலையிற் சிறிது மிகும். ஓயாது உழைக்கும் சர்வர்களில் அவற்றை விரும்பி அமைப்பர். கழித்துவிட்ட சர்வர்களிலிருந்து எடுத்த அட்டைகள் மலிவாகக் கிடைப்பின் அவையும் கொள்ளத்தக்கனவே. ஆனால் அப்பெயரிற் போலிகளும் உலவுதலின், நம்பிக்கைக்குப் பொருந்தாத அளவு விலை குறைந்ததை வாங்குதல் கூடாது. லினக்ஸ் உடையோர் எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளையால் உண்மையான சில்லு எதுவென்று வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

நான்காவது, இடத்தின் தன்மை. கடற்காற்று வீசும் ஊர்களில் செருகு துளையின் நாக்குகளுக்கு நல்ல பொன்முலாம் இருத்தல் வேண்டும். 100 மெகாபிட் வேகத்துக்குக் கம்பிவடத்தின் எட்டுக் கம்பிகளுள் நான்கே வேலை செய்யும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே நன்றாக இருந்த இணைப்பு ஒருநாள் திடீரென 100 மெகாபிட்டுக்குத் தாழுமாயின், ஒரு கம்பியோ ஒரு நாக்கோ கெடத் தொடங்கிற்று என்று ஐயுற்று, முதலில் வடத்தை மாற்றிப் பார்க்க. வடத்தின் விலை சிறிது. அதனைச் சோதியாது அட்டையை வாங்குதல் அறிவுடைமையன்று. மேலும் வீட்டுக்கு வீடு வெளிப்புறமாகச் செம்புக் கம்பிவடத்தை இழுத்தல் ஆகாது. இடி மின்னற் காலத்தில் அது கேட்டினை நேரே அட்டைக்குக் கொண்டுவரும். அக்காலத்து வடத்தைக் கழற்றி வைத்தல் நன்று.

4. கம்பியில்லா வழி

நிற்க. நீர் குறுக்கிடும் ஊர்களுக்குக் கம்பியில்லா வழியே ஏற்றது எனச் சிலர் கூறுவர். இதற்கு நம் நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2000-களின் இடைப்பகுதியில், அரவிந்த் கண் மருத்துவமனையாரும், அமெரிக்க நாட்டுப் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றுப்புறச் சிற்றூர்க் கண் மையங்களோடு வைஃபை வழியே இணைத்தனர். சிற்றூரில் இருந்தபடியே நோயாளர் மருத்துவரை முகம் பார்த்துப் பேசினர்.

அவர்கள் எடுத்துக்கொண்டவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல. கடையில் விற்கும் எளிய வலையட்டைகளே. ஆனால் வைஃபை, ஓர் அறையினுள் பேசுவதற்கென வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பொதிக்கும் உடனே மறுமொழி எதிர்பார்க்கும். தொலைவு மிகுந்தால் மறுமொழி வருமுன் பொறுமையிழந்து மீண்டும் அனுப்பும். அதனால் வழியெல்லாம் வீணாகும். ஆராய்ச்சியாளர், நிரலைத் திருத்த இடந்தரும் அதீராஸ் சில்லுடைய அட்டைகளைத் தேர்ந்தெடுத்து, கேட்டுக் கேட்டு அனுப்பும் வழக்கத்தை நீக்கி, இக்கணம் இம்முனை, அக்கணம் அம்முனை என முறைவைத்து அனுப்பும்படி மாற்றினர். பழவேற்காட்டு மீனவர் இதனைக் கேட்டால், இது நமது பாடன்றோ என்று புன்முறுவல் செய்வர். மலிவான அட்டையும் தக்க சில்லை உடையதாயின் அரிய வேலைக்கு உதவும் என்பதே இதனால் அறியப்படும்.

ஆயினும் ஓர் அறையினுள் இருக்கும் கணிப்பொறிக்கும் ரவுட்டருக்கும் இடையே கம்பியிழுக்க இயலுமாயின், கம்பியே மேலானது. பொதுவழியில் நெருக்கமில்லை, பழுதையும் எளிதிற் காணலாம்.

5. முடிவுரை

இத்துணைச் சிறு கருவிக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனில், வேண்டும் என்போம். புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டு முதல் அறிவு மையங்களை அமைத்தனர். வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடலலையின் உயரம் இணையத்தின் வழியே பெறப்பட்டு, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நல்லவாடு என்னும் ஊரில் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி வழி வந்த எச்சரிக்கை அம்மையத்து ஒலிபெருக்கியாற் பரப்பப்பட்டு, மக்கள் உயிர் பிழைத்தனர். செய்தி எத்துணை உயர்ந்ததாயினும், அதனைக் கொண்டுசேர்க்கும் கண்ணி ஒன்று அறுந்திருப்பின் பயனில்லை. கரையோர ஊரில் அக்கண்ணி சில நூறு ரூபாய்ப் பொருளாகவும் இருத்தல் கூடும்.

ஆகவே நண்பர்களே, வேகத்தைத் தேவைக்கு அளந்து, துளையைத் திறந்து பார்த்து, சில்லின் பெயரை வினவி, ஊர்க்காற்றை எண்ணி அட்டையை வாங்குக. முடியுமாயின் உதிரியாக ஒன்றும் பெட்டியில் உலர வைத்திருக்க. பசியாவரத்து மாணவியின் தந்தையார்க்கு அறுந்த கண் எதுவென்று நாம் காட்டியபோது, அவர் அதனைத் தம் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், பின்னர், "இதுதானா? இனி நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்றார். அச்சொல்லைக் கேட்பதினும் மேலான பயன் இப்படிப்பினால் நாம் விரும்புவது வேறில்லை.