அப்பாவின் திருப்புகழும் பின்பக்க ஸ்பீக்கரும்

திருத்தணி அருகே கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டில் இரண்டு மொழி புழங்கும். அம்மா பிறந்தது நகரி பக்கம், தெலுங்குப் படம் இல்லாமல் அவருக்கு ஞாயிறு கழியாது. அப்பாவுக்கு விடிந்தால் திருப்புகழ். 1960 வரை திருத்தணியே ஆந்திராவில் இருந்ததுதானே, இந்தப் பக்கம் பல வீடுகள் இப்படித்தான். கூடத்தில் டிவி, ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர் என்று ஹோம் தியேட்டர் வைத்தபோது இவர்கள் இருவருக்கும்தான் வைத்தேன்.

முதலில் வாங்கியது பெயர் தெரியாத ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி. பெட்டிமேல் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தது. படத்தை ஓட்டினால் நாயகியின் புடவைக் கரை சேறு மாதிரி கலங்கித் தெரிந்தது. நெட்தான் மெதுவோ என்று சோதித்தேன், 40 எம்பிபிஎஸ் வந்தது. 4கே-க்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15தான். கோளாறு வேறு இடத்தில். படத் திருட்டைத் தடுக்க வைட்வைன் என்று ஒரு பூட்டு உண்டு. அதில் எல்1 அனுமதி உள்ள கருவிக்குத்தான் பெரிய ஓடிடி ஆப்கள் ஹெச்டி தரும். எல்3 என்றால் பெரும்பாலும் 480பி-யோடு நிறுத்திவிடும். நம்முடையது எல்3. ‘டிஆர்எம் இன்ஃபோ’ என்ற ஆப்பைப் போட்டால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெட்டி வாங்குகிறவர்கள் கடையிலேயே அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள்.

பிறகு நல்ல ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கினேன். டிவியின் யுஎஸ்பி துளையிலேயே சொருகினேன், படம் நடுவில் அணைந்து அணைந்து வந்தது. அந்தத் துளையில் வரும் மின்சாரம் பல டிவிகளில் ஸ்டிக்குக்குப் போதாது. கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போட்டதும் சரியாகிவிட்டது.

என்னை அதிகம் அலைக்கழித்தது சத்தம். முன்னால் ஸ்பீக்கர்கள் பாடின, பின்னால் இரண்டும் ஊமை. ஒயரைக் கழற்றி மாட்டினேன், ஸ்பீக்கரை இடம் மாற்றிப் பார்த்தேன், இரண்டு வாரம் போனது. கடைசியில் டிவி செட்டிங்கில் ஆடியோ அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருந்ததைப் பார்த்தேன். டிவியிலிருந்து ரிசீவருக்குப் போன ஆப்டிகல் கேபிளில் பிசிஎம் போனால் இரண்டே சேனல்தான். அதை ‘ஆட்டோ’ என்று மாற்றினேன். படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. சோபாவில் இருந்த அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு திரும்பலுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

ரிசீவரோ சவுண்ட்பாரோ வாங்கும்போது ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஓடிடி-யில் வரும் அட்மாஸ் ஒலி டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருகிறது, ஆப்டிகலில் அது போகாது. ஏஆர்சி-யில் போகும், டிவியும் அதை அனுப்புகிற டிவியாக இருக்க வேண்டும்.

பாட்டுக்கு வேறு கணக்கு. அப்பாவின் போனிலிருந்து ப்ளூடூத்தில் விட்டுக்கொண்டிருந்தோம். போன் வந்தால் திருப்புகழ் அந்தரத்தில் நின்றுவிடும், போனோடு தோட்டத்துக்குப் போனால் அறுந்தே போகும். இப்போது வைஃபை வழியாக காஸ்ட் செய்கிறோம். கருவியே நெட்டிலிருந்து பாட்டை நேராக எடுத்துக்கொள்கிறது, போன் வெறும் ரிமோட்தான். அவர் பேசிக்கொண்டே வெளியே போகிறார், கூடத்தில் பாட்டு நிற்பதில்லை.

கிராமத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்தால், நெட் திரும்ப எங்கள் வீட்டில் மூன்று நிமிடம் ஆகும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வந்து தங்கிய உறவுக்காரர்களோடு இரவு படம் பார்த்தோம். இரண்டு தடவை கரண்ட் போனது, ரவுட்டரின் பச்சை விளக்கு மட்டும் அணையவே இல்லை.