கோச் பதில் போடலையா? காலண்டரைப் பாருங்க!

நீங்க அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு பேஸ்பால் வீரர்னு வச்சுக்கோங்க. காலேஜ் கோச்சுக்கு மெயில் அனுப்புறீங்க, பதிலே வரலை. 'நம்ம ஆட்டம் பிடிக்கலையோ' என்று சோர்ந்துடாதீங்க. அவர் கையைக் கட்டியிருப்பது விதி.

என்சிஏஏ அமைப்பின் டிவிஷன் 1-ல், பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை, அணியில் சேர்ப்பது பற்றி கோச் உங்களிடம் போனிலோ மெசேஜிலோ பேசக் கூடாது. சின்ன வயசிலேயே பிள்ளைகளை வளைச்சுப்போடுவதைத் தடுக்கத்தான் இது. நீங்க எழுதலாம், தடை அவருக்குத்தான்.

பயிற்சி முகாம் அழைப்பு முன்பே வரலாம். அதை 'சீட் கிடைச்சாச்சு'ன்னு எண்ணிடாதீங்க. 'டெட் பீரியட்' என்றால் நேர்ச் சந்திப்புக்குத்தான் தடை. தேதி தாண்டியவர்களுக்கு போன் பேச்சு உண்டு.

ஆகஸ்ட் 1-க்குப் பிறகும் மௌனமா? அப்போ வேறு காலேஜுக்கும் எழுதுங்க.