இலங்கை இனச்சிக்கலின் வேர்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

முன்னுரை

சென்ற ஆண்டு எங்கள் தாவரவியல் வகுப்பில் காப்பிச் செடியைத் தாக்கும் இலைத்துரு நோய் பற்றிப் பாடம் நடந்தது. 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்னும் பூஞ்சையால் அந்நோய் உண்டாகிறது. 1869ஆம் ஆண்டு அது இலங்கையில் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தீவின் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. பாடத்தின் முடிவில் பேராசிரியர், "இந்தப் பூஞ்சைக்கும் நம்முடைய மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் இதைச் சொன்னேன். அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் உடனே பதில் வந்தது. "எங்க தாத்தாவோட தம்பி கண்டிக்குத்தான் போனாரு கண்ணு. இங்க மூணு வருசமா மழையில்ல. கம்புகூட வெளையல. கங்காணி வந்து கூட்டிக்கிட்டுப் போனான். போனவுக திரும்பல" என்றார்.

அதே நாட்களில் காஸாவைப் பற்றிய செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. இந்தச் சண்டை எங்கே தொடங்கியது என்று வகுப்பில் நாங்கள் விவாதிப்பதுண்டு. "அது இரண்டாயிரம் ஆண்டுப் பகை" என்று ஒருவர் சொன்னால் அத்துடன் பேச்சு முடிந்துவிடும். இலங்கையைப் பற்றிப் பேசினாலும் துட்டகைமுனு, எல்லாளன் என்று தொடங்கி அதே முடிவுக்கு வருவோம். பழம்பகை என்ற விடை எனக்குப் போதவில்லை. வரலாறு என் பாடமன்று. எனினும் நூலகத்தில் படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தர முயல்கிறேன். பிழையிருப்பின் பேராசிரியப் பெருமக்கள் திருத்துவார்களாக.

காப்பி போய்த் தேயிலை வந்தது

1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1830ஆம் ஆண்டுகளில் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. வேலைக்குத் திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் கொண்டு செல்லப்பட்டனர். பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதை நினைவிற் கொள்க. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைய வேண்டும். காலராவாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர்.

காப்பிப் பழம் பறிக்கும் வேலை ஆண்டில் சில மாதங்களுக்கே உரியது. ஆகவே வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். துருநோய் வந்தபின் காப்பியின் இடத்தில் தேயிலை நடப்பட்டது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. அதற்குப் பெண்களின் உழைப்பும் தேவைப்பட்டது. எனவே தொழிலாளர் குடும்பத்துடன் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் நிலையாகத் தங்கினர். கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்னும் சீட்டாக அவர்களைக் கட்டிப்போட்டது. அம்முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. பேராசிரியர் குறிப்பிட்ட உறவு இதுவே. ஒரு பூஞ்சை, வந்து போகும் கூலிகளை அங்கேயே வாழும் மக்களாக்கிற்று.

கண்டி உழவர் இழந்த நிலம்

இந்த இடத்தில் சிங்கள உழவரின் பக்கத்தையும் நாம் காண வேண்டும். 1840ஆம் ஆண்டு ஆங்கில அரசு ஒரு சட்டம் செய்தது. ஆவணத்தால் உரிமை மெய்ப்பிக்கப்படாத காடும் தரிசும் அரசுக்கே உரியவை என்பது அதன் சாரம். கண்டி நாட்டுச் சிற்றூர்களின் காடும் மேய்ச்சல் நிலமும் சேனைப் பயிர் செய்த நிலமும் தலைமுறை தலைமுறையாக வழக்கத்தால் ஆளப்பட்டவை. அவற்றுக்குப் பத்திரம் ஏது? அந்நாளில் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு அரசு நிலங்கள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளும் இருந்தனர்.

ஊரைச் சுற்றியிருந்த மலை கைவிட்டுப் போயிற்று. அந்த மலையில் வேற்று மொழி பேசும் ஏழைகள் வேலை செய்தனர். நிலத்தை எடுத்தவர் தொலைவில் இருந்தார்; கூலிக்கு வந்தவர் கண்ணெதிரே இருந்தார். ஆகவே உழவரின் சினம் கூலிக்காரர் மேல் திரும்பியது. நம் ஊரில் ஏரிப் புறம்போக்குக்குப் பட்டா இல்லாமல் மூன்று தலைமுறை ஆடு மேய்த்தவரிடம், "இது உன்னுடையதன்று" என்று ஒருநாள் சொன்னால் அவர் நிலை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இது நமக்கு விளங்கும்.

1948: ஒரு சட்டம்

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தையும் அங்கே பிறந்தவர் என்று, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவரின் தந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. 1952இல் அதற்கு ஓரிடமும் இல்லை. மலையகத் தமிழருக்கு நேர்ந்த இந்த அநீதியை எதிர்த்தே செல்வநாயகம் முதலியோர் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர்.

பின்பு 1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. 1974இல் அந்த எஞ்சியவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இவ்வகையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். இலங்கையில் எஞ்சியோருக்கு முழுமையான தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது.

கிழக்கில் நிலம், நாடெங்கும் மொழி

நிலம் இழந்த சிங்கள உழவருக்கு நிலம் தரவேண்டும் என்பது நியாயமே. ஆனால் தேயிலைத் தோட்டங்களில் அன்று எவரும் கைவைக்கவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் போன்றவற்றால் கிழக்கு மாகாணத்தில் நீர்ப்பாசனம் செய்து, வெளியிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் குடியமர்த்தப்பட்டன. அங்கே பன்னெடுங்காலமாக வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தங்கள் மண்ணில் தாங்களே சிறுபான்மையாகிவிடுவோமோ என்று அஞ்சினர். குடியேறியவரும் ஏழை, அஞ்சியவரும் ஏழை.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. ஆங்கில ஆட்சியில் அரசுப் பணிகளில் தமிழர் தங்கள் மக்கள்தொகைக்கு மிகுதியான இடம் பெற்றிருந்தனர் என்பது சிங்களரின் குறை. அதில் உண்மை இருந்தது. ஆனால் குறையைத் தீர்த்த முறை, மற்றவர் மொழிக்கே இடமில்லை என்பதாயிற்று. 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்திலும், 1965இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்திலும் மொழியோடு நிலக் குடியேற்றமும் இடம்பெற்றது கவனிக்கத்தக்கது. முதல் ஒப்பந்தம் பிக்குகளின் எதிர்ப்பால் 1958இல் கைவிடப்பட்டது. இரண்டாவது நிறைவேறவே இல்லை.

மதிப்பெண் என்னும் தராசு

மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1970–71ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்குத் தமிழ்மொழியில் தேர்வெழுதிய மாணவர் 400க்கு 250 மதிப்பெண் பெறவேண்டும். சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும்.

இதைப் படித்தபோது என் மனம் குழம்பியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இடஒதுக்கீடும் முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சலுகையும் இல்லையேல் நான் இந்த வகுப்பில் இருந்திருக்க மாட்டேன். அப்படியிருக்க, அங்கே நடந்ததை நான் எப்படிக் குறை கூறலாம்? பல நாள் சிந்தித்து இவ்வாறு தெளிந்தேன். நம் ஒதுக்கீடு, கல்வி மறுக்கப்பட்டவர் யார் என்று பார்க்கிறது. அங்கே 1974 முதல் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒதுக்கியதிலும் அந்த நியாயம் ஓரளவு இருந்தது. பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளும் அதனால் பயன் பெற்றன. ஆனால் மதிப்பெண்ணை மொழியால் மட்டும் பிரித்தபோது, கொழும்பில் வசதியாக வாழ்ந்த சிங்கள மாணவர் சலுகை பெற்றார். லயத்தில் பிறந்த தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியவரானார். ஏழ்மையைப் பார்க்காமல் இனத்தைப் பார்த்ததே அதன் பிழை.

இதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 ஜூலைப் படுகொலை, 2009 மே மாதம் வரை நீண்ட போர். தமிழராகிய நாம் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வேரோடு பிடுங்கப்படுவதன் வலியை அறிந்தவர்களே அதைப் பிறருக்கும் செய்தனர்.

பாலஸ்தீனத்தோடு ஓர் ஒப்பீடு

இவ்வளவும் படித்தபின் பாலஸ்தீனத்தைப் படித்தேன். இரண்டும் ஒன்றல்ல. மலையகத் தமிழர் கூலிக்காகக் கொண்டு செல்லப்பட்டவர்கள். வடகிழக்குத் தமிழர் அம்மண்ணின் பழங்குடிகள். பாலஸ்தீனத்துக்குச் சென்ற யூதர்களோ தம் முன்னோர் பூமி என்ற நம்பிக்கையோடும் தமக்கென ஒரு தாயகம் வேண்டும் என்ற நோக்கத்தோடும் சென்றவர்கள். ஆயினும் சில ஒற்றுமைகள் வியப்பூட்டுகின்றன.

அங்கும் நிலச்சட்டம் முதலில் வருகிறது. துருக்கியரின் உதுமானிய அரசு 1858இல் செய்த நிலச்சட்டத்தின்பின், உழுதவர் பெயரில் இல்லாமல் தொலைநகர்ச் செல்வர் பெயரில் பெருநிலங்கள் பதிவாயின. 1920ஆம் ஆண்டுகளில் பெய்ரூத் நகரச் செல்வர்கள் அவற்றை யூத அமைப்புகளுக்கு விற்றபோது, உழுதுவந்த அரபுக் குத்தகையாளர் வெளியேற்றப்பட்டனர். அங்கும் ஆங்கிலேயர் இருந்தனர். 1917இல் பால்ஃபர் அறிக்கை மூலம் யூதருக்குத் தாயகம் அமைய ஆதரவு தந்தனர். அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்த அரபு மக்களைக் கேட்கவில்லை. 1947 நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை பிரிவினைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1948 மே 14ஆம் நாள் இஸ்ரேல் உருவாயிற்று. அதையொட்டிய போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடிழந்தனர். 1950ஆம் ஆண்டுச் சட்டம் உலகின் எந்த மூலையில் உள்ள யூதரும் வந்து குடியேறலாம் என்றது. வீட்டுச் சாவியோடு முகாமில் இருந்த பாலஸ்தீனியர் திரும்ப இயலவில்லை. இரு நாடுகளிலும் 1948ஆம் ஆண்டிலேயே இத்தனை பெரிய கூட்டம் ஊரற்றதாயிற்று.

யூதரின் துயரும் சிறிதன்று. ஐரோப்பாவில் காலங்காலமாக ஒடுக்கப்பட்டு, ஹிட்லர் ஆட்சியில் அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டனர். அக்கொடுமையைச் செய்தது ஐரோப்பா. அதற்கு ஈடாகக் கேட்கப்பட்டதோ பாலஸ்தீன உழவரின் நிலம். கண்டி உழவருக்குத் தீங்கு செய்தது ஆங்கில அரசு. அதற்கு ஈடாகப் பறிக்கப்பட்டவை தோட்டத் தொழிலாளியின் குடியுரிமையும் கிழக்கு மாகாணத்தாரின் நிலமும். வலியவர் பட்ட கடனை எளியவர் ஒருவரிடமிருந்து எடுத்து இன்னோர் எளியவருக்குக் கொடுத்துத் தீர்க்க முயன்றதே இவ்விரு சிக்கல்களுக்கும் வேர் என்று நான் கருதுகிறேன். மதமும் பழங்கதையும் பின்னர் வந்து அவ்வேருக்கு நீர் ஊற்றின.

முடிவுரை

இதை நான் எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த நாளன்று ஒரு படிவம் நிரப்பினோம். 'நாட்டுரிமை' என்ற இடத்தில் நான் யோசியாமல் 'இந்தியர்' என்று எழுதினேன். பக்கத்திலிருந்த தோழியின் பேனா அங்கே நின்றுவிட்டது. அவள் பெரம்பலூர் துறைமங்கலத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய முன்னோரும் திருச்சி மாவட்டத்திலிருந்து கண்டித் தோட்டத்துக்குப் போனவர்களே. 1977 கலவரத்துக்குப் பின் அக்குடும்பம் வவுனியாவுக்குப் பெயர்ந்தது. 1990இல் படகேறி இராமேசுவரம் வந்தது. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி தமிழக முகாம்களில் இவ்வாறு ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். அவ்வாண்டு அரசு அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. வீடும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. ஆனால் 1987 ஜூலைக்குப் பின் பிறந்தோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே இங்கே பிறந்த அவள் இந்நாட்டவள் ஆகவில்லை. இலங்கையில் 1948இல் கேட்ட அதே கேள்வியை, உன் தந்தை எங்கே பிறந்தார் என்ற கேள்வியை, நாமும் இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவளும் நானும் ஒரே பாடம் படிக்கிறோம். அரசுப் பணித் தேர்வுக்கு நான் விண்ணப்பிப்பேன், அவளால் இயலாது. என் கொள்ளுத்தாத்தா போகவில்லை, அவளுடைய முன்னோர் போனார்கள் என்பதைத் தவிர எங்களுக்குள் வேறுபாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

சென்ற பொங்கலுக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். சோறு போட்டுக்கொண்டே அப்பாயி, "எந்தத் தோட்டம் கண்ணு உங்க ஆளுங்க?" என்று கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள். பிறகு இருவரும் வெகுநேரம் கண்டிக்குப் போனவர்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. புறப்படும்போது, அவளுடைய பாட்டியை அடுத்த முறை கூட்டிவரச் சொல்லி அப்பாயி இரண்டு படி வேர்க்கடலை கட்டிக் கொடுத்தார்.