ஒளிப்படத்தில் அயல் வேறுபாடு: கட்டணக் கருவியின் விளைவைத் திறந்த மூல மென்பொருளிற் பெறுமாறு

ஒளிப்படமொன்றில் வெண்மை, கருமை, இடைநிறம் யாவும் குறைவற அமைந்திருந்தும் அது உயிரற்றுத் தட்டையாகத் தோன்றுவதுண்டு. படம் முழுவதற்கும் ஒளிவேறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால் வானம் வெளிறிவிடும். நிழல் கறுத்து அதனுள் இருந்தவை மறைந்துவிடும். அவ்வாறாயின் குறை யாண்டுளது? படத்தின் இரு கோடிகளுக்கு இடையே அன்று. ஒரு புள்ளிக்கும் அதனைச் சூழ்ந்த புள்ளிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டிலேயே உளது. இதனை அயல் வேறுபாடு என்பாம்.

மனிதக் கண் ஒளியைத் தனியே அளக்கும் கருவியன்று. ஒரே சாம்பல் நிறம் கரிய பின்னணியில் வெளிறியும் வெண்பின்னணியில் இருண்டும் தோன்றும். பாரிசின் கோபெலின் சாயச்சாலையிற் பணியாற்றிய செவ்ரோல் 1839 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய தோற்றங்களை விரிவாக ஆராய்ந்தார். ஒளி படிப்படியாக மாறுமிடங்களில் இல்லாத பட்டைகளைக் கண் கற்பித்துக்கொள்வதை ஏர்ண்ஸ்ற் மாக் 1865 இல் விளக்கினார். கண் அயலை நோக்கியே ஒன்றை மதிப்பிடுமாதலின், அயல் வேறுபாட்டைச் சிறிது கூட்டினாலும் படம் தெளிவு பெற்றதாகத் தோன்றுகின்றது.

அடோபி நிறுவனத்தார் தமது லைற்றூம் மென்பொருளில் 2007 இல் இவ்விளைவைத் தரும் சறுக்கி ஒன்றைச் சேர்த்து அதற்குக் 'கிளாரிற்றி' எனப் பெயரிட்டனர். பெயர் பொருத்தமானதே. ஆயினும் அச்சறுக்கியை முப்பதிற் கொண்டு நிறுத்தும் மாணவனை, அம்முப்பது எதனைச் செய்கின்றது என்று வினவினால் விடையில்லை. 2012 இல் உள்ளே நிகழும் கணிப்பு முறையே மாற்றப்பட்டது. ஆதலின் பழைய முறையில் முப்பது தந்த தோற்றம் வேறு, புதிய முறையில் முப்பது தருவது வேறு. மேலும் 2017 இன் பின் அம்மென்பொருளை ஒரேயடியாக விலைகொடுத்து வாங்க இயலாதவாறு சந்தா முறை மட்டுமே நிலைத்தது. சந்தா முடிந்தால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டப்பட்டுவிடும். பல்லாண்டு உழைப்பின் குறிப்பாக எஞ்சுவது 'கிளாரிற்றி முப்பது' என்னும் எண் மாத்திரமே. முறையை அறிந்தவனுக்கு இவ்விடர் இல்லை. எனவே அம்முறையை நோக்குவாம்.

கணினிக்கு முன்னரே இது இருட்டறையில் வழங்கியது. நெகற்றிவிலிருந்து மங்கலான, மெல்லிய நேர்ப்படமொன்றைப் படச்சுருளில் எடுப்பர். பின் அதனை நெகற்றிவோடு பொருந்த வைத்து இரண்டினூடும் ஒளி பாய்ச்சி அச்சிடுவர். மங்கற்படம் பெரிய ஒளிவேறுபாடுகளை ஓரளவு அழித்துவிடும்; நுணுக்கங்கள் மங்கற்படத்தில் இல்லாமையால் அவை அழியாது நிற்கும். 'மங்கல் மறைப்பு' என்னும் பொருள்பட அதற்கு வழங்கிய ஆங்கிலப் பெயரே இன்றும் மென்பொருட் பட்டியல்களில் கூராக்கும் கருவிக்கு நிற்பதால், கூராக்கும் கருவிக்கு மங்கலின் பெயர் ஏனென்று பலரும் மயங்குவர்.

இனிக் கணக்கு. அயலின் சராசரி ஒளி 100 எனவும், அங்குள்ள இரு புள்ளிகள் 110, 90 எனவும் கொள்க. சராசரியிலிருந்து அவற்றின் விலகல் பத்து. அவ்விலகலில் பத்தில் மூன்று பங்கை மேலும் சேர்த்தால் அவை 113, 87 ஆகும். இருபதாயிருந்த இடைவெளி இருபத்தாறாயிற்று. சராசரியோ நூறாகவே நிற்கின்றது. படம் வெளிறவுமில்லை, கறுக்கவுமில்லை. சிறிய ஆரையுள்ள அயலைக் கொண்டால் இதுவே விளிம்புகளைக் கூராக்கும்; பெரிய ஆரையைக் கொண்டால் உருவங்களுக்குத் திரட்சி தரும். வேறுபாடு ஆரையில் மட்டுமே.

கிம்ப் மென்பொருளில் இதனைச் செய்வது எளிது. படத்தை முதலில் 16 பிற்று நுட்பத்திற்கு மாற்றுக. 2018 இல் வந்த 2.10 ஆம் பதிப்பு முதல் இதற்கு வசதியுண்டு. மூலப்படையின் பிரதியொன்றை மேலே வைத்து அதனைக் கௌசியன் முறையில் மங்கலாக்குக. 4,000 புள்ளி அகலமான படத்திற்கு ஆரை நாற்பது முதல் அறுபது வரை தகும். 800 புள்ளி அகலமாயின் எட்டு முதல் பன்னிரண்டு போதும். (அளவைக் கருதாது எண்ணை மட்டும் பிறரிடம் கேட்டறிந்து இடுவோர் ஏமாறுவர்.) பிரதியின் கலப்பு முறையைக் 'கிரெயின் எக்ஸ்ற்றாக்ட்' என மாற்றினால், மூலத்திலிருந்து மங்கல் கழிந்து விலகல் மட்டும் சாம்பற் புலத்திற் தெரியும். தெரிவதைப் புதிய படையாக்கி, மங்கற்படையை நீக்கி, புதிய படையைக் 'கிரெயின் மேர்ஜ்' முறையில் வைத்து, அதன் ஒளிபுகாமையை முப்பது சதவீதமாக்குக. மேலே கண்ட கணக்கு இதுவே. அப்படையின் நிறத்தை அகற்றிவிட்டால் நிறங்கள் மிகைப்படா.

ஆயினும் இம்முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. 220 ஒளியுள்ள வானமும் 60 உள்ள சுவரும் சந்திக்கும் விளிம்பில் சராசரி 140 ஆகும். வானம் 244 ஆக உயரும்; சுவர் 36 ஆகத் தாழும். விளிம்பிலிருந்து விலகிய வானமோ 220 ஆகவே இருக்கும். ஆதலின் கட்டடத்தைச் சுற்றி ஒளிவட்டம் எழும். விழாப்படங்களில் எல்லோர் தலையைச் சுற்றியும் திருவாசி விளங்கக் காண்பது இதனாலேயே! இதனைத் தவிர்க்கக் கௌசியனுக்குப் பதிலாகக் கிம்பிலுள்ள தெரிவு மங்கலை எடுக்க வேண்டும். தன் ஒளியிலிருந்து குறித்த எல்லைக்குமேல் வேறுபடும் அயற்புள்ளிகளை அது சராசரியிற் சேர்க்காது. எல்லை முப்பதாயின் வானத்தின் சராசரி வானத்தாலேயே ஆகும், விளிம்பும் அமைதியாயிருக்கும். பெரிய ஆரைக்கு அது மெதுவாகவே வேலை செய்யும். பொறுமை வேண்டும்.

அன்றியும், கட்டணக் கருவி இடைநிறங்களையே பெரிதும் தொடும். நாமும் மூலப்படத்தின் சாம்பற் பிரதியை விலகற்படைக்கு மறைப்பாக ஒட்டி, அம்மறைப்பின் வளையியில் இரு முனைகளையும் சுழியத்திற்கு இறக்கி நடுவை உச்சிக்கு உயர்த்தினால், கருநிழலும் வெண்முகிலும் தீண்டப்படா.

இத்துணை வேலை வேண்டாதார் டார்க்ரேபிளை நாடலாம். பாரிஸ், ஹசினோஃப், கௌற்ஸ் ஆகிய மூவர் 2011 இல் வெளியிட்ட லப்பிளாசியன் முறை அதன் அயல் வேறுபாட்டுப் பகுதியில் அமைந்துளது; ஒளிவட்டம் எழாமையே அதன் சிறப்பு. றோதெறப்பீயில் வெளிறும் பக்கத்தையும் இருளும் பக்கத்தையும் தனித்தனியே அடக்கலாம்.

பழைய மாணவர் பலரிடம் மங்கிப்போன வகுப்புக் குழுப்படங்கள் இருக்கும். அவற்றை வருடியெடுத்து இவ்விளைவை ஏற்றும்போது முகங்களையே முதலில் நோக்குக. அயல் வேறுபாடு கூடினால் கன்னத்தின் மென்னிழல் பள்ளமாகும். தாளின் கறை தழும்பாகும். பதினாறு வயதினன் முதியவனாவான். சட்டையின் மடிப்பும் பின்னாலுள்ள தூணும் தெளிவது நன்று. ஆயின் அவர் இன்னாரென அடையாளங்காட்ட எஞ்சியிருப்பது அம்முகமொன்றே. மறைப்பின்மீது கருந்தூரிகை கொண்டு முகங்களை விலக்கிவிடலாம். வருடிய மூலக்கோப்பை மாற்றாது வேறாக வைத்து, திருத்தியதைப் படைகளோடு சேமித்து, ஆரையையும் விகிதத்தையும் கோப்பின் குறிப்பில் எழுதி வைக்குக.