போதைக் குளிசை என்று யார் சொன்னது?

கற்பிட்டிக் கடலில் ப்ரீகபலின் குளிசைகள் பிடிபட்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்தால், அதன் எதிரொலி சில நாட்களில் மருந்து கொடுக்கும் எங்கள் யன்னலுக்கும் வந்துவிடும். "தம்பி, பிள்ளைக்கு நீங்க தாறதும் அந்தப் போதைக் குளிசைதானாமே? பழகினா விட ஏலாதாமே?" என்று ஒரு தாய் கேட்பார். காதில் குரல்கள் கேட்டு, தன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்று கதவடைத்துக் கிடந்த மகன், மருந்துக்குப் பிறகு சாப்பிட்டு, பேசி, வலை பொத்தவும் உட்கார்ந்திருப்பான். பக்கத்து வீட்டார் சொன்ன ஒரு சொல்லுக்காக அந்த மருந்தைக் கிணற்றடியில் கொட்டிவிட்டுத்தான் இந்தக் கேள்வி வருகிறது. கொட்டுவதற்கு முன் கேட்டிருக்கலாம். கோபம் வருகிறது, தாயின் மீதல்ல, அந்தச் சொல்லைப் பரப்புகிறவர்கள் மீது.

ப்ரீகபலின் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் மருந்து. அளவுக்கு மீறி விழுங்கினால் மயக்கமும் கிறக்கமும் தரும். அதனால்தான் அதைப் படகில் ஏற்றிக் கடத்துகிறார்கள். மனச்சிதைவுக்கு நாங்கள் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், ஹலோபெரிடோல், குளோர்புரோமசின் எல்லாம் வேறு சாதி. போதைப் பொருட்கள் பொதுவாக மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைக் கிளப்பிவிட்டு, "இன்னும் தா" என்று கேட்க வைக்கின்றன. எங்கள் மருந்துகளோ அந்த டோபமின் போய் ஒட்டும் இடங்களையே மறித்து நிற்கின்றன. இவற்றைக் குடித்தவருக்கு இன்பம் வராது. பலருக்கு வாய் காயும், சோர்வு வரும், அலுப்பில் மருந்தை விடத்தான் பார்ப்பார்கள். போதைக்கு அடிமையானவர் மருந்தைத் தேடி அலைவார். எங்கள் நோயாளரிடமோ மருந்தைக் குடிக்கச் சொல்லித் தாய் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஹலோபெரிடோல் கடத்தி வந்த படகு ஒன்று பிடிபட்டதாக எவராவது கேள்விப்பட்டதுண்டா?

இந்த மருந்துகளுக்கு எழுபது வருட வரலாறு இருக்கிறது. 1952இல் பாரிஸில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் மனநோயாளருக்குக் குளோர்புரோமசின் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிப் போட வேண்டியிருந்தவர்கள் அமைதியாகிப் பேசத் தொடங்கினார்கள். அந்த மருத்துவமனையின் பெயர் புனித அன்னம்மாள் மருத்துவமனை. தலவிலவில் அதே அன்னம்மாளிடம் நேர்த்தி வைக்கும் எங்கள் சனங்களிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

வதந்திக்குள் ஒரு துளி உண்மையும் கிடக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஆரம்ப நாட்களில் நித்திரைக்காகச் சிலருக்குக் கூடவே கொடுக்கும் டயசிபாம் போன்றவை நீண்ட காலம் எடுத்தால் பழக்கமாகும். அதனால்தான் அவற்றைக் கொஞ்ச நாளோடு நிறுத்தப் பார்க்கிறோம். மற்ற மருந்துகளையும் சடுதியாக நிறுத்தினால் நித்திரையின்மை, குமட்டல், பதற்றம் வரலாம். ஆகவே குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் படியில் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

"விட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சுத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மருந்தை விட்ட மறுநாளே நோய் திரும்புவதில்லை. வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் திரும்பும். அதற்குள் குடும்பம் முழுவதும் மருந்தே தேவையில்லை என்று நம்பிவிடும். 65 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2012இல் வெளியான ஆய்வு, ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் மருந்து எடுத்தோரில் 27 வீதம், நிறுத்தி வெற்றுக் குளிசை எடுத்தோரில் 64 வீதம் என்றது. இதற்குப் பிறகும் "விட்டுப் பாருங்கள்" என்று அறிவுரை சொல்கிறவர், நோய் திரும்பும் இரவில் வந்து அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்வாரா? எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மருந்து என்பதும் பொய். முதல் தடவை நோய் வந்து சுகமானவர்களில் சிலருக்கு ஓரிரு வருடங்களுக்குப் பின் மருத்துவரே குறைத்துப் பார்ப்பதுண்டு.

பக்கவிளைவு ஒன்றைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஹலோபெரிடோல் போன்றவை தொடங்கிய முதல் நாட்களில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும். பார்க்கப் பயங்கரம்தான். "பேய் மருந்தோடு சண்டை பிடிக்கிறது" என்று அலறி, பரிசாரி வீட்டுக்கு ஓடுகிறார்கள். அது பேயல்ல, தசையின் இறுக்கம். மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் ஓர் ஊசியில், பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். பிறகு அளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் பென்செக்சோல் சேர்ப்பார்கள். ஒலன்சபின் எடுப்பவருக்கு நிறை கூடும், சீனி ஏறலாம். குளோசபின் எடுப்பவருக்கு முதல் 18 வாரங்களும் வாராவாரம் இரத்தம் பார்க்க வேண்டும், வெள்ளணுக்கள் ஆபத்தாகக் குறையலாம் என்பதால்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கலியாணம் கட்டிவைத்தால் சரியாகாது, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் சேர்ந்து கெடும். கஞ்சா மூலிகைதானே என்கிறார்கள். சுவீடனில் 45,570 இளைஞர்களை 15 வருடம் கவனித்ததில், 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களிடம் மனச்சிதைவு ஆறு மடங்கு கூடுதலாக இருந்தது. ஓதட்டும், நூல் கட்டட்டும், நேர்த்தி வைக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சங்கிலி வேண்டாம். கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டு ஏர்வாடியில், மனநோயாளரைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகை 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்த நோயாளர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். மருந்தும் தொழுகையும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

இனி, கிளினிக் நடத்துகிறவர்களிடம் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்று. சோளகம் எழும்பி எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால், உடப்பிலிருந்தும் மற்றக் கரைகளிலிருந்தும் சனம் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் வாடி போட்டு மீன்பிடிக்கப் போகிறது. கிளினிக் கொப்பி வீட்டுப் பெட்டியில் கிடக்கும், குளிசை நாலு கிழமையில் தீரும், மருந்து நின்றுபோகும். அவர்கள் மருந்தை மறுத்தவர்கள் அல்ல. கிளினிக் நாள் கடல் பருவத்தோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். வாடிக்குப் போகிறவருக்கு இரண்டு மாத மருந்து சேர்த்துக் கொடுங்கள். ஒத்துவருகிறவருக்கு மாதம் ஒருமுறை போடும் புளுபெனசின் ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். இராவில் கடலுக்குப் போகிறவர் என்றால் மருந்து எடுக்கும் நேரத்தை அவரோடு பேசி மாற்றுங்கள், தூங்கி விழுந்தால் படகில் உயிர் போகும். கொப்பியின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசி போட்ட திகதி மூன்றையும் தெளிவாக எழுதி, அதைப் பொலித்தீனில் சுற்றித் துணிமணியோடு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். முல்லைத்தீவு மருத்துவமனையிலும் அந்தப் பக்கத்தைக் காட்டினால் மருந்து கேட்கலாம்.