மழையை நம்பி விதைப்போருக்கு: காலபோக மேட்டுநிலப் பயிர்களின் விதைப்புக் காலம்



வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களில் குளத்து நீர் எட்டாத மேட்டுநிலங்களிலே சோளம், உழுந்து, கௌபி, குரக்கன் முதலிய பயிர்களைச் செய்வோர் ஆண்டுதோறும் ஒரே கேள்வியை எதிர்நோக்குகின்றனர். புரட்டாதி மாதக் கடைசியில் ஒரு மழை பெய்கிறது. இன்று விதைப்பதா, இன்னும் சில நாள் பொறுப்பதா? முந்தி விதைத்தால் முளை கருகக்கூடும். பிந்தி விதைத்தால் அடைமழையில் நாற்று அழுகக்கூடும். அன்றேல் கதிர் முற்றுமுன் ஈரம் அற்றுப்போகக்கூடும். விதைக்கென வைத்த தானியமும் உழவுக்குக் கொடுத்த கூலியும் ஒருமுறை மண்ணிற் போனால், இரண்டாம் முறைக்குக் கடன் வாங்கவேண்டியவர்களே நம்மிற் பலர். ஆகவே விதைக்கும் நாளைத் தெரிவு செய்வதை அதிர்ஷ்டத்தின்பால் விட்டுவிடலாகாது.

1. எமது மழையின் இயல்பு

ஒக்டோபர், நவெம்பர் மாதங்களிற் பெய்வது பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட கால மழையாகும். இது பெரும்பாலும் பிற்பகலில் இடிமுழக்கத்துடன் வருவது. ஓர் ஊரில் வெள்ளம் ஓடும். அடுத்த ஊரிலே தூசி பறக்கும். இக்காலத்தில் வங்கக் கடலில் உண்டாகும் தாழமுக்கங்களும் புயல்களும் சில நாட்களுக்குள் பெருமழையைத் தந்துவிடுவதுண்டு. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை பெய்யும். இது பரந்த இடத்திற் பெய்வது. எனினும் பெப்ரவரியை அண்மிக்கும்போது தளர்ந்துவிடும்.

இந்த ஒழுங்கு எல்லா ஆண்டும் பிசகாது நடப்பதன்று. 2008 நவெம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், அறுவடைக்காலத்தை அண்டிப் பெய்த பெருமழை கிழக்கிலும் வட மத்தியிலும் பயிர்களை அழித்தது. 2016 இன் இறுதியில் மழை பொய்த்து, 2016/17 காலபோகம் கடும் வரட்சிக்கு இலக்காயிற்று. 2024 நவெம்பர் இறுதியில் வடக்கும் கிழக்கும் மீண்டும் வெள்ளத்தைக் கண்டன. ஆகையால், சென்ற ஆண்டு இன்ன நாளில் விதைத்து விளைந்தது என்பது இவ்வாண்டுக்குப் போதிய ஆதாரமாகாது.

2. முதல் மழை எல்லாம் விதைப்பு மழை அன்று

கோடை முழுவதும் காய்ந்த நிலத்தில் 10 மில்லிமீற்றர் மழை பெய்ததென வைத்துக்கொள்வோம். மேல்மண் நனைந்து மண்வாசனை எழும், புல் தளிர்க்கும், மனமும் விதைக்கத் தூண்டும். ஆனால் வெயிலும் காற்றும் மிகுந்த நாட்களில் நிலத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகக்கூடும். எனவே அம்மழை இரண்டொரு நாளில் மறைந்துவிடும். உழுந்து, கௌபி போன்ற அவரையினப் பயிர்களின் விதை சிறிது ஈரத்திலேயே ஊறி முளைவிடும். முளைவிட்டபின் வேர் இறங்கும் ஆழத்தில் ஈரம் இல்லையாயின் அது மீண்டும் உறங்கும் விதையாக மாறாது, மடிந்தே போகும். ஆகவே எங்களுக்கு வேண்டியது மேல்மண்ணை நனைக்கும் மழையன்று, அடிமண்ணை நனைக்கும் மழையாகும்.

மேட்டுநிலப் பயிருக்கு, மூன்று நாட்களுக்குள் மொத்தமாக 25 மில்லிமீற்றர் அளவிலாவது மழை பெய்திருத்தல் வேண்டும். இது ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் லீற்றர் நீராகும். இதன்பின்னும் நிலத்தைச் சோதித்தே தீர்மானிக்க. காணியில் நாலைந்து இடங்களில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டுக. குழியின் அடியிலிருந்து ஒருபிடி மண்ணை எடுத்து இறுகப் பிடிக்க. பிடித்த மண் உருண்டையாக நின்று, விரலால் அழுத்தியதும் உதிருமாயின் விதைக்கலாம். உருண்டையாகாமற் பொடிந்தால் பொறுக்க. கையில் ஒட்டிச் சேறுபட்டால் நீர் வடியும்வரை உழவும் வேண்டாம், விதைப்பும் வேண்டாம். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் விரைவில் ஆழம் செல்லும், விரைவில் வரண்டும் போகும் என்பதை நினைவிற் கொள்க.

3. மழையை அளந்து அறிக

மழையை அளக்க விலையுயர்ந்த கருவி அவசியமில்லை. வாயும் அடியும் ஒரே அகலமான, நேரான பக்கங்களையுடைய பால்மாப் பேணியொன்று போதும். மரநிழலும் கூரைச் சொட்டும் படாத வெளியில், சாய்ந்துவிடாதபடி அதனை ஊன்றி வைக்க. தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தை உள்ளே இறக்கி நீரின் உயரத்தை மில்லிமீற்றரிற் பார்த்து, கொப்பியொன்றில் திகதியுடன் எழுதுக. பின்னர் நீரைத் தவறாது ஊற்றிவிடுக. தேங்கிய நீர் நுளம்புக்கு இடமாகும்.

எறும்பு முட்டை காவுவதையும் தும்பி தாழப் பறப்பதையும் கண்டு மழையை ஊகிப்பது எம் முன்னோர் வழக்கம். அவை இன்றோ நாளையோ வரும் மழைக்கு அறிகுறியாகலாம். பயிரைக் காப்பதோ அடுத்துவரும் பத்து நாளின் மழையாகும். இதற்கு, வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் நாளாந்த முன்னறிவிப்பையும் பருவகால முன்னறிவிப்பையும் கேட்டறிந்து, உங்கள் கொப்பிக் கணக்குடன் சேர்த்துப் பார்க்க.

4. அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுக

விதைக்கும் நாளைத் தீர்மானிக்கையில், பயிர் பூக்கும் நாளையும் முற்றும் நாளையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

சோளம்: வயது இனத்துக்கேற்ப 100 முதல் 120 நாட்கள். பூக்கும் காலமும் மணி பிடிக்கும் காலமும் நீர் குறையக்கூடாத காலங்கள். ஒக்டோபர் 10 இல் விதைத்த 110 நாட் சோளம் டிசெம்பர் முதல் வாரத்திற் பூத்து, ஜனவரி 28 அளவில் முற்றும். மழைக்காலத்தில் மணி பிடிக்கும். நவெம்பர் 20 இல் விதைத்ததோ ஜனவரி நடுவிற் பூத்து, மழை தளரும் காலத்தில் மணி பிடித்து, மார்ச் 10 வரை நிலத்தில் நிற்கவேண்டிவரும். ஆகவே நல்ல மழை கிடைத்தவுடன் முதலில் விதைக்கவேண்டியது சோளமே.

உழுந்து: வயது ஏறக்குறைய 65 முதல் 75 நாட்கள். இதற்கு முற்றும் காலத்தில் மழை ஆகாது. நனைந்த நெற்றில் விதை முளைவிடும், பூஞ்சணம் பிடித்து நிறம் மங்கும், விலையும் குறையும். ஒக்டோபர் 15 இல் விதைத்த 70 நாள் உழுந்து டிசெம்பர் 24 இல், மழை நடுவே முற்றும். நவெம்பர் 5 இல் விதைத்தது ஜனவரி 14 இல் முற்றும். ஆகவே உழுந்துக்கு ஒக்டோபர் கடைசி வாரம் தொடக்கம் நவெம்பர் முற்பகுதி வரை ஏற்ற காலமாகும். ஆயினும் அக்காலத்தில் இளம்பயிர் அடைமழைக்கு அகப்படுமாதலால் நீர் வடியும் நிலத்தையே தெரிவு செய்க.

உங்கள் ஊரின் மழையும் மண்ணும் வேறுபடின் இந்நாட்களும் சில நாள் முன்பின்னாகும். எண்ணும் முறை மாறாது.

5. ஒரே நாளில் எல்லாவற்றையும் விதையாதீர்

ஒருவரிடம் மூன்று ஏக்கர் உண்டு எனக் கொள்வோம். அவர் முழுவதையும் ஒரே நாளில் விதைத்து, பின் பன்னிரண்டு நாள் மழை இல்லாது போனால் மூன்று ஏக்கர் விதையும் போம். ஏக்கர் ஒன்றாக, ஒரு வாரம் பத்து நாள் இடைவிட்டு மும்முறை விதைப்பாரேல், ஒன்று தவறினும் இரண்டு நிற்கும். உழவுச் சிரமம் சிறிது கூடும். ஆனால் குடும்பம் ஒரே மழையை நம்பி நிற்காது.

அத்துடன், விதையில் நாலில் ஒரு பங்கை மீள்விதைப்புக்கென ஒதுக்கி, உலர்ந்த இடத்திற் பத்திரமாக வைக்க. விதைப்புக்கு முன் 100 விதைகளை ஈரத்துணியிற் சுற்றிவைத்து, துணி காயாது பார்த்து, ஐந்தாம் நாள் எண்ணுக. 80 இற்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடுக. கெட்ட விதையால் வந்த குறைக்கு மழையின்மேற் பழி போடலாகாது.

6. நிலம் முன்னரே ஆயத்தமாயிருத்தல்

நல்ல மழை பெய்தபின் உழவு இயந்திரத்தைத் தேடி அலைபவர் அம்மழையின் பயனை இழப்பர். ஊரில் எல்லோருக்கும் இயந்திரம் ஒரே நாளிலேயே தேவைப்படும். ஆகையால் செப்டெம்பர் சிறுமழையைக் கொண்டு முதல் உழவை முடித்து, முளைக்கும் களைகளை இரண்டாம் உழவில் அழிக்க. சரிவுக்குக் குறுக்காகவே உழுக. நீர் ஓடாது ஊறும். தாழ்வான மூலைகளில் வடிகால் வெட்டிவைக்க. விதையைச் சுமார் மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் இட்டு மண்ணால் மூடுக. வைக்கோலோ சருகோ வரிசைகளுக்கிடையே பரப்பினால் ஈரம் சில நாள் கூடுதலாக நிற்கும்.

7. தனித்து விதைத்தலின் ஆபத்து

காட்டோரக் காணிகளில் ஒருவர் மட்டும் முந்தி விதைத்தால், அவ்விதை மயிலுக்கும் காட்டுப்பன்றிக்கும் விருந்தாகும். பிந்தித் தனித்து நிற்கும் பயிருக்கும் அதே கதியாம். சுற்றத்தார் யாவரும் ஏறக்குறைய ஒரே பத்து நாட்களுள் விதைத்தால் சேதம் பங்கிடப்படும், காவலும் இலகுவாகும். மேலே கூறிய பகுதி விதைப்பையும் அயலவருடன் கலந்தே திட்டமிடுக. வேலி அடைத்தல், கட்டாக்காலி மாடுகளை அகற்றுதல் ஆகியவற்றின் திகதிகளைப் போக ஆரம்பக் கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்க.

8. வயல் நெல்லின் புழுதி விதைப்பு

மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் நெல்லை விதைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. மழை பெய்தபின் உழமுடியாத களிப்பாங்கான தாழ்வயல்களுக்கு அது தக்க முறையே; நெல் புழுதியிற் சில காலம் கிடந்து பின் முளைக்கவல்லது. அதனைக் கண்டு உழுந்தையும் கௌபியையும் அவ்வாறே விதைப்பது தவறாகும். அவற்றுக்கு ஈரம் முதலில், விதை பின்னர்.

9. மழை பிந்தினால்

நவெம்பர் நடுப்பகுதிவரை நல்ல மழை கிடையாவிடின், சோளத்துக்கென வைத்த நிலத்தில் உழுந்து, கௌபி, பயறு போன்ற குறுகிய வயதுப் பயிரைச் செய்க. விதைத்தபின் முளை குறைந்தால் ஒரு வாரத்துக்குள் வெற்றிடங்களை நிரப்புக. அதற்குப் பிந்தினால் புதுமுளை நிழலுண்டு மெலியும். அரைவாசிக்கு மேல் அழிந்திருப்பின் நிரப்புவதில் நாளைக் கழியாது, ஒதுக்கிய விதையைக் கொண்டு மீண்டும் விதைக்க.

சுருங்கக் கூறின்: மழையை அளக்க, மண்ணை வெட்டிப் பார்க்க, அறுவடையிலிருந்து நாளை எண்ணுக, பகுதி பகுதியாக விதைக்க, கையில் விதை மிச்சம் வைக்க. மழை எம் ஆணைக்கு உட்பட்டதன்று. ஆனால் அது பெய்யும் நாளில் ஆயத்தமாயிருப்பதும், அது ஏமாற்றும் நாளில் முழுவதையும் இழவாதிருப்பதும் எம் கையில் உள்ளன.

மேலதிக ஆலோசனைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்துடன் தொடர்பு கொள்க. வரும்போது உங்கள் மழைக் கொப்பியையும் கொண்டுவருக.