பெயர் பொறித்த தச்சன்

கேள்வி: திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் கருவறையின் பின்பக்கம் வளைந்திருக்கிறதே, ஏன்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் இருப்பதால் அதைத் தூங்கானை மாடம் என்பார்கள். தொண்டை நாட்டுக்கு மிகவும் பிடித்த வடிவம். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம், பக்கத்தில் பாடி, திருமுல்லைவாயில் எல்லாம் இதே அமைப்புதான். இன்னும் பின்னோக்கிப் போனால் கார்லேயின் பௌத்தக் குகை மண்டபமும் பின்பக்கம் வளைந்ததே. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் பலவற்றிலும் பலிபீடப் பக்கம் அரைவட்டம்தான்; அது ரோமானிய மண்டபங்களிலிருந்து வந்த தனி மரபு.

அந்தத் தேவாலயங்களைக் கட்டிய கொத்தர்களில் பெரும்பாலோர் பெயர் இன்று நமக்குத் தெரியாது. ஒற்றியூரில் தெரியும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், இங்கிருந்த மடத்தின் தலைவர் சதுரானன பண்டிதர் சொல்ல, இந்த விமானத்தைக் கருங்கல்லால் கட்டியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன். கல்வெட்டே சொல்கிறது. அரசன் பெயரோடு உளி பிடித்தவன் பெயரும் ஆயிரம் ஆண்டு நிற்பது சாதாரண விஷயமா!

அடுத்த முறை பிராகாரம் சுற்றும்போது கருவறைக்குப் பின்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். மூலை என்பதே இல்லாமல் சுவர் திரும்புகிறது. அதற்கு ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவாகச் செதுக்கியாக வேண்டும்.